மடக்கி நிமிர்த்தும் கேஸ் அடுப்பு: தேர்வு, பொருத்துதல், பாதுகாப்புச் சோதனை

சமையல் மேடையின் நீளம் ஐந்தடியைத் தாண்டாத ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்புகளில், மூன்று பர்னர் அடுப்பு ஒன்றை வைத்துவிட்டால் காய் நறுக்கவோ மாவு பிசையவோ இடம் மிஞ்சுவதில்லை. அந்த இடத்தைத் திரும்பப் பெறுவதற்காக உருவானதே பின்பக்கக் கீலில் மேல்நோக்கித் திரும்பிச் சுவரை ஒட்டி நிற்கும் கேஸ் அடுப்பு. சமைத்து முடித்துச் சூடு ஆறியதும் முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் அடுப்பு முழுவதும் எழுந்து நிற்கும். அதன் அடியில் இருந்த மேடை வேலைக்குக் கிடைக்கும். இத்தாலியில் ஆல்ப்ஸ் இனாக்ஸ் போன்ற நிறுவனங்கள் துருப்பிடிக்காத எஃகில் இவ்வகை அடுப்புகளைச் செய்கின்றன. நம் ஊர்களில் பெரும்பாலும் இறக்குமதிப் பொருளாகவோ, உள்அலங்காரம் செய்பவர் வழியாகவோதான் இது வீட்டுக்கு வந்து சேர்கிறது.

விற்பவர் சொல்லும் “ஆட்டோ சேஃப்டி” என்ற இரண்டு சொற்களுக்குள் உண்மையில் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. அவை வெவ்வேறு ஆபத்துகளைத் தடுப்பவை. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. இந்த வழிகாட்டியில் கூறப்படும் ஏறக்குறைய எல்லா அறிவுரைகளும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பதால், அளவெடுப்பதற்கு முன்பே அதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு பாதுகாப்புகளும் அவை வேலை செய்யும் விதமும்

முதலாவது சாய்வு வால்வு. இது கீலின் அச்சிலோ அதை ஒட்டியோ அமைந்திருக்கும். அடுப்பு மேடையில் படுத்திருக்கும்போது எரிவாயுவின் வழி திறந்திருக்கும். அடுப்பைத் தூக்கத் தொடங்கியதும் கீலோடு திரும்பும் ஒரு பகுதி வால்வை மூடி, எல்லாப் பர்னர்களுக்குமான எரிவாயுவை ஒரே இடத்தில் நிறுத்திவிடும். யாரேனும் குமிழை மூட மறந்து அடுப்பை நிமிர்த்திவிட்டால், சுவரை நோக்கித் தீ எரிவதைத் தடுப்பது இதன் பணி.

இரண்டாவது, சுடர் அணைந்தால் எரிவாயுவை நிறுத்தும் அமைப்பு. கடைகளில் இதை எஃப்எஃப்டி என்பார்கள். பர்னரின் பக்கத்தில், பற்றவைக்கும் பீங்கான் முனைக்குத் துணையாக இன்னொரு மெல்லிய உலோகக் கம்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு வேறு உலோகங்களை இணைத்துச் செய்த வெப்ப இணை அது. அதன் நுனி தீயில் சூடாகும்போது ஒரு வோல்ட்டில் நூறில் ஓரிரு பங்கு அளவுக்கு மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். அந்த மின்சாரம் குமிழுக்குப் பின்னால் உள்ள குட்டி மின்காந்தம் ஒன்றுக்குப் போய், வால்வைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கிறது. அந்தக் காந்தத்துக்கு வால்வைத் தானே இழுத்துத் திறக்கும் வலிமை கிடையாது. ஏற்கெனவே திறந்ததைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். ஆகவேதான் பற்றவைக்கும்போது குமிழைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பால் பொங்கியோ காற்றடித்தோ தீ அணைந்தால் கம்பி குளிர்ந்து, மின்சாரம் குறைந்து, காந்தம் விட்டுவிட, ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை என்பதால் மின்வெட்டின்போதும் இது வேலை செய்யும்.

ஆனால் அது உடனே மூடுவதில்லை. கம்பி குளிர்வதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றரை நிமிடம் வரை ஆவதை ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கிறது. அந்த இடைவெளியில் எவ்வளவு எரிவாயு வெளியேறும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று கிலோவாட் திறனுள்ள பெரிய பர்னர், முழுத் திறப்பில் மணிக்குச் சுமார் 230 கிராம் எல்பிஜியை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் கசிவது ஆறு கிராமுக்குள், அதாவது வாயுவாக இரண்டரை லிட்டர் அளவு. சன்னல் திறந்திருக்கும் சமையலறையில் அது கலைந்துவிடும். எஃப்எஃப்டி இல்லாத அடுப்பில் அதே பர்னர் அணைந்து கவனிக்கப்படாமல் கிடந்தால், மணிக்குச் சுமார் நூறு லிட்டர் வாயு வெளியேறும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தரையோடு தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். எட்டுக்கு ஏழடி சமையலறையில் கதவையும் சன்னலையும் மூடி, வாயு முழங்கால் உயரத்துக்குள் மட்டும் தேங்கியதாகக் கொண்டால், அந்த நிலையை எட்ட அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாய்வு வால்வு மட்டும் உள்ள அடுப்பை, ஒரு குமிழ் திறந்திருக்கும் நிலையில் ஒருவர் தூக்குகிறார், தீ அணைகிறது. மாலையில் வேறொருவர் வந்து அடுப்பைக் கீழே இறக்குகிறார். இறக்கியதும் சாய்வு வால்வு திறந்துகொள்ள, அணைந்த பர்னர் வழியாக எரிவாயு ஓசையின்றி வரத் தொடங்கும். எஃப்எஃப்டியும் இருந்தால் அதற்குள் கம்பி குளிர்ந்து அந்தப் பர்னரின் வால்வு மூடியிருக்கும், எரிவாயு வராது. ஆகவே மடக்கு அடுப்பைப் பொறுத்தவரை எஃப்எஃப்டி என்பது கூடுதல் வசதி அன்று; அது இல்லாத மடக்கு அடுப்பு, சாதாரண அடுப்பைவிட ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன்.

இவ்விரண்டும் சேர்ந்தாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. டியூப், ரெகுலேட்டர், சிலிண்டரின் வாய் ஆகிய மூன்றும் அடுப்புக்கு முன்னால் இருப்பவை. அங்கு ஏற்படும் கசிவு அடுப்பிலுள்ள எந்த வால்வுக்கும் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை, “ஆட்டோ சேஃப்டி அடுப்பாயிற்றே” என்று யாரும் விட்டுவிடக் கூடாது.

முதல் படி: இடத்தை அளப்பது

படுத்திருக்கும் அடுப்பின் அளவை மட்டும் பார்த்து வாங்குவதே பெரும்பாலோர் செய்வது. மேடையின் அகலம் வழக்கமாக இரண்டடி; அடுப்பின் ஆழம் ஐம்பது செ.மீ. அளவில் இருக்கும், ஆகவே பொருந்திவிடும் என்று தோன்றும். ஆனால் அடுப்பு நிமிரும்போது அந்த ஐம்பது செ.மீ. உயரமாக மாறுகிறது. மேடையிலிருந்து சுவரில் அறுபது செ.மீ. உயரத்துக்குக் கோடு கிழித்து, அந்தப் பரப்பில் சுவிட்ச் பெட்டி, தண்ணீர்க் குழாய், மசாலா அடுக்கு, சன்னலின் கீழ்ச்சட்டம் ஆகியவற்றில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மிக்சிக்காக மேடைக்கு ஓரடி மேலே பிளக் வைப்பது நம் கட்டுமானத்தில் வழக்கம். அது அடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எலக்ட்ரீஷியனை வரவழைத்து நகர்த்துவதைத் தவிர வழியில்லை.

ஓர் அட்டைப் பெட்டியை அடுப்பின் நீள அகலத்துக்கு வெட்டி, பின்விளிம்பைச் சுவரோரம் வைத்து, முன்விளிம்பைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். மேலே புகைபோக்கி இருந்தால் அதன் அடிப்பகுதி மேடையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அப்போதே அளந்துவிடலாம். கேஸ் அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடச் சொல்வது வழக்கம் என்பதால், நிமிர்ந்த அடுப்பு அதற்குள் அடங்கும், ஆனால் பாத்திரத் தாங்கிகளை அகற்றாமல் தூக்கும் மாதிரியென்றால் கை நுழைய இடம் குறுகும்.

மேடையின் பரப்பும் முக்கியம். கிரானைட்டோ கடப்பாக் கல்லோ என்றால் கவலையில்லை. மைக்கா ஒட்டிய பலகை மேடையில், அடுப்பின் அடித்தட்டு முழுவதும் மூடியதாக இல்லாவிட்டால், வெப்பத்தில் பசை விட்டு மைக்கா எழும்பும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

எரிவாயு நுழையும் இணைப்பு அடுப்பின் அசையும் தட்டில் இருக்கிறதா, அசையாத கீல் அடிப்பகுதியில் இருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. அசையாத பகுதியில் இருந்தால் டியூப் ஒருபோதும் அசையாது. எரிவாயு கீலுக்குள் உள்ள சுழல் இணைப்பு வழியாக மேலே போகும். அசையும் தட்டில் இருந்தால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் டியூப் அதே இடத்தில் மடங்கி நிமிரும். நாளுக்கு இருமுறை என்றாலும் ஆண்டுக்கு எழுநூறு மடிப்புக்கு மேல். முனையில் செருகிய ரப்பர், வெடிப்பு விடத் தொடங்குவது அந்த மடிப்பில்தான். மலிவான மாதிரிகள் இந்த இடத்தில்தான் மிச்சம் பிடிக்கின்றன. அத்தகைய அடுப்பை வாங்க வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு பர்னருக்கும் வெப்ப இணைக் கம்பி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பெரிய பர்னருக்கு மட்டும் வைத்துவிட்டு மொத்த அடுப்புக்கும் சேஃப்டி என்று சொல்லி விற்கப்படும் வாய்ப்பு உண்டு. பர்னர் மூடியைக் கழற்றச் சொல்லிக் கம்பிகளை எண்ணிவிடுவது ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, எந்த வாயுவுக்கானது என்ற கேள்வி. இறக்குமதி அடுப்புகள் பலவும் ஆலையிலிருந்து குழாய் இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டுகளோடு, அதாவது பர்னருக்குள் எரிவாயுவை விடும் சிறு துளையுள்ள முனைகளோடு, வரும். நம் வீட்டு எல்பிஜி, ரெகுலேட்டரைத் தாண்டி ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. இயற்கை எரிவாயு 20 மில்லிபார் அளவில் வரும். எல்பிஜியில் வெப்பம் செறிவாக இருப்பதால் அதற்கான ஜெட்டின் துளை சிறியது. பெரிய துளையுள்ள ஜெட்டில் எல்பிஜியைக் கொடுத்தால் தீ நீண்டு, மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படியும்; மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அடுப்பின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் ஜி20 என்று இருந்தால் இயற்கை எரிவாயு, ஜி30 என்று இருந்தால் பியூட்டேன் வகை. ஜெட்டின் தலையிலேயே மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் எண் பொறித்திருப்பார்கள்: 85 என்றால் 0.85 மி.மீ. துளை. எல்பிஜி ஜெட்டுகள் பெட்டிக்குள் தனிப் பையில் வருகின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் விற்பவரையே வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் ஜெட்டைத் துளையிட்டுச் “சரி செய்து” கொள்ளக் கூடாது. சென்னையின் சில பகுதிகளைப் போலக் குழாய் எரிவாயு வந்துவிட்ட இடங்களில் குடியிருப்பவர்களுக்கு இதே பிரச்சினை தலைகீழாக வரும்.

உள்நாட்டுத் தயாரிப்பென்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். எல்பிஜி வீட்டு அடுப்புக்கான ஐஎஸ் 4246 தரநிலை, குறைந்தது 68 சதவீத வெப்பத் திறனைக் கோருகிறது. இறக்குமதிப் பொருளுக்கு முத்திரை இல்லாதபோது, உங்கள் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் இணைப்புக் கொடுக்க மறுக்கக்கூடும். பணம் கட்டும் முன் ஏஜென்சியில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். விலையைக் கேட்டு மலைத்துப் போய், சாதாரண அடுப்பை ஒரு பலகையில் இறுக்கி, பலகைக்குக் கீல் அடித்துத் தரும்படி ஆசாரியிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சாய்வு வால்வு இராது, டியூப் மடங்கும், தூக்கும்போது பர்னர் மூடிகள் கழன்று விழும். ஆசாரியின் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த அடுப்பு தூக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

மூன்றாம் படி: கீலைப் பொருத்துவது

கீல் மேடையின் மேல் அமரும் வகையும் உண்டு, சுவரில் இறுக்கும் வகையும் உண்டு. முதல் வகையில், அடுப்பு படுத்திருக்கும்போது அதன் முன்கால்கள் மேடையில் ஊன்றியிருப்பதால் பாத்திரத்தின் எடை கீலுக்குப் போவதில்லை. தண்ணீரும் மாவுமாக இட்லிப் பானை ஒன்று, பருப்போடு ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று என்று ஏற்றினால் பத்து கிலோவை எளிதில் தாண்டும் நம் சமையலுக்கு இந்த வகையே ஏற்றது. சுவரிலிருந்து பலகைபோல இறங்கி, அந்தரத்தில் நிற்கும் வகையைத் தேநீர் போடும் அளவு சமையலுக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவரில் இறுக்க வேண்டியிருந்தால், சுவர் எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். செங்கல் சுவரில் எட்டு மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் பிடிக்கும், ஆனால் துளை கல்லில் விழ வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையிலான கலவையில் விழுந்தால் நாளடைவில் தளரும். அலுமினிய அச்சில் வார்த்த புதிய அடுக்குமாடிகளில் சுவர் முழுக்கக் கான்கிரீட்டாக இருப்பதால், சாதாரண டிரில்லால் ஆகாது. ஹேமர் டிரில் வேண்டும், கம்பியில் மோதினால் துளையை நகர்த்த வேண்டும். இலகுவான ஏஏசி பிளாக் சுவருக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் தேவை. ஜிப்சம் தடுப்பில் பொருத்தவே கூடாது. டைல்ஸ் மீது துளையிடும்போது முதலில் ஹேமர் இயக்கத்தை நிறுத்தி, டைல்ஸுக்கான முனையால் மெதுவாகத் துளைத்து, டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹேமரைப் போட வேண்டும்.

இறுக்கியதும் மட்டப் பலகையால் இடவலம், முன்பின் இரண்டையும் பாருங்கள். கீல் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், அடுப்பு நிமிரும்போது உரசும். நாளடைவில் சுழல் இணைப்பின் சீல் ஒருபக்கமாகத் தேயும். நிமிர்ந்த நிலையில் அடுப்பு தானாகச் சாய்ந்து விழாதபடி பூட்டோ ஸ்பிரிங்கோ பிடிக்கிறதா என்பதையும், கையை எடுத்துவிட்டு, மேடையை ஓங்கித் தட்டிச் சோதிக்க வேண்டும். பத்து கிலோ எஃகுத் தட்டு விரல்மேல் விழுவது எரிவாயுவுக்குச் சற்றும் குறையாத ஆபத்து.

நான்காம் படி: எரிவாயு இணைப்பு

இந்த வேலையைக் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக்கே செய்ய வேண்டும். நீங்கள் மேற்பார்வை பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், தரைமட்டத்தில், அடுப்பைவிடத் தாழ்வாக நிற்க வேண்டும். மேடைக்கடியில் கதவுள்ள அலமாரியில் வைப்பதானால், கதவின் அடியிலும் மேலும் காற்று போக வழி இருக்க வேண்டும். அடியில் உள்ள வழியே முக்கியம், கசிந்த வாயு வெளியேறுவது அதன் வழியாகத்தான். டியூப், எஃகுக் கம்பி வலையிட்ட ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாததாக, முழு நீளமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மடக்கு அடுப்பைப் பொருத்துபவர்கள், அழகுக்காக டியூபை அலமாரிப் பலகைக்குப் பின்னால் செலுத்தப் பார்ப்பார்கள். கண்ணில் படாத டியூபை எலி கடித்தாலும் தெரியாது. நீண்ட தூரம் கொண்டுபோக வேண்டியிருந்தால், பால்கனியிலோ துணி துவைக்கும் பகுதியிலோ சிலிண்டரை வைத்து, செம்புக் குழாய் போட்டு, அடுப்பருகே கைக்கெட்டும் இடத்தில், கையால் திருப்பி மூடும் பந்து வால்வு (ball valve) ஒன்று வைத்துக்கொள்ளலாம். டியூபின்மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஐரோப்பிய அடுப்பின் நுழைவாய் மறையுள்ள இணைப்பாக இருக்கும். நம் டியூபோ முனையில் செருகும் வகை. இடையில் போடும் பித்தளை முனையை, அடுப்போடு வந்த வாஷரோடு இறுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் சாதாரண வகையென்றால் எரிவாயுவுக்கு உகந்ததன்று.

ஐந்தாம் படி: சோதனைகள்

மெக்கானிக் போவதற்கு முன் நான்கு சோதனைகளையும் அவர் முன்னிலையிலேயே செய்துவிடுங்கள். சன்னலைத் திறந்து, பூஜை விளக்கு, ஊதுபத்தி இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதலில் கசிவு. எல்லாக் குமிழ்களையும் மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலக்கிப் பழைய தூரிகையால் ரெகுலேட்டரின் அடி, டியூபின் இரு முனைகள், நுழைவாய், கீலின் சுழல் இணைப்பு ஆகிய இடங்களில் தடவுங்கள். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், கசியும் இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிக் கொத்தாக நிற்கும். கீலின் இணைப்பை மட்டும் இருமுறை சோதிக்க வேண்டும்: அடுப்பு படுத்திருக்கும்போது ஒருமுறை, நிமிர்ந்திருக்கும்போது ஒருமுறை. ஒரு நிலையில் இறுக்கமாக இருக்கும் சீல், மற்ற நிலையில் கசியக்கூடும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பவரை வேலை செய்ய விடாதீர்கள்.

அடுத்து எஃப்எஃப்டி. ஒரு பர்னரைப் பற்றவைத்து இரண்டு நிமிடம் எரியவிட்டு, குமிழைத் தொடாமல் ரெகுலேட்டரை மட்டும் மூடுங்கள். தீ அணையும். காதை அடுப்பருகே வைத்துக் காத்திருந்தால், ஒன்றரை நிமிடத்துக்குள் குமிழுக்குப் பின்னால் “டக்” என்ற சிறு ஓசை கேட்கும். காந்தம் வால்வை விட்ட ஓசை அது. பிறகு குமிழை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, அடுத்த பர்னருக்குப் போகலாம். எரிவாயுவே வராத நிலையில் சோதிப்பதால் இந்த முறையில் அபாயம் இல்லை. ஓசை கேட்காத பர்னரை, பழுது நீக்கும்வரை பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது சாய்வு வால்வு. பாத்திரம் எதுவும் இல்லாமல், ஒரு பர்னரை மட்டும் சிம்மில் எரியவிட்டு, முன்விளிம்பை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தீ அணைய வேண்டும். பாதித் தொலைவு போயும் எரிந்துகொண்டிருந்தால் வால்வின் அமைப்புச் சரியில்லை. தீ அணைந்ததும் அடுப்பை முழுதும் நிமிர்த்தி, குமிழைத் திறந்தபடியே விட்டு, “டக்” ஓசைக்குக் காத்திருந்து, பின்பு இறக்குங்கள். இரண்டு மூன்று நொடிகள் காது கொடுத்தால் போதும்: சீறல் கேட்கக் கூடாது. கேட்டதோ இல்லையோ, குமிழை உடனே மூடிவிடுங்கள்.

நான்காவதை, வீட்டில் சமைக்கும் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் செய்வது பயனுள்ளது. அதே பர்னரை எரியவிட்டு, தூக்கி, தீ அணைந்ததும் தாமதிக்காமல் இறக்கிவிடுங்கள். கம்பி இன்னும் சூடாக இருப்பதால் காந்தம் விடவில்லை; சாய்வு வால்வோ மீண்டும் திறந்துவிட்டது. தீயில்லாமல் எரிவாயு சீறுவது காதில் விழும். உடனே குமிழை மூடுங்கள். இது பழுது அன்று, இரண்டு அமைப்புகளும் அவற்றின் இயல்புப்படியே நடந்துகொண்ட விளைவு. ஆகவே, தூக்கும் முன் குமிழ்களை மூட வேண்டும் என்ற விதிக்கு எந்த ஆட்டோ சேஃப்டியும் மாற்றாகாது என்பது இந்த ஒரு செயலில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

அன்றாடப் பயன்பாடு

குமிழ்களை மூடி, பாத்திரத் தாங்கிகள் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே தூக்க வேண்டும்; வார்ப்பிரும்புத் தாங்கி ஆறக் கால் மணி நேரமாவது ஆகும். பொங்கிய பாலோ சாம்பாரோ தட்டில் தேங்கியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கும்போது அது நேராகக் கீலுக்குள் ஓடும். சர்க்கரையும் பாலும் கீலில் காய்ந்துவிட்டால், சாய்வு வால்வைத் திருப்பும் பகுதி ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஆனால் அதில் தூசி சேர்ந்து பிசினாகும் முன், வாரம் ஒருமுறை சோப்பு நீரில் பிழிந்த துணியால் கீலைத் துடைப்பது போதுமானது. கீலுக்குச் சமையல் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம்.

நிமிர்த்திய அடுப்பின் மேல் விளிம்பில் ஈரத் துணி காயப்போடுவது, இடுக்கி தொங்கவிடுவது போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். அடுத்தவர் கவனிக்காமல் இறக்கும்போது துணி பர்னருக்கும் தாங்கிக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். பர்னர் மூடிகள் கவ்வியால் பிடிக்கப்படாத மாதிரிகளில், இறக்கியதும் ஒவ்வொரு மூடியும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். மூடி விலகியிருந்தால் தீ ஒருபக்கமாக எரியும். கம்பி சூடாகாமல் அடுப்பு அடிக்கடி அணையும்.

கசிவு உணர்வி ஒன்றையும் வாங்குவதானால், எல்பிஜிக்கு அதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். காற்றைவிட இலேசான குழாய் இயற்கை எரிவாயுவுக்குக் கூரையையொட்டி மாட்ட வேண்டும். எரிவாயுவில் கலந்துள்ள மெர்கேப்டனின் அழுகிய வாடை வந்தால், மின்சுவிட்சை அணைக்கவோ போடவோ செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, சிலிண்டரின் வாயில் வெள்ளை மூடியைப் பொருத்தி, வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வழக்கமான கோளாறுகள்

குமிழை விட்டதும் தீ அணைவதே அதிகம் வரும் புகார். பத்தில் பெரும்பாலானவை கம்பியின் நுனியில் படிந்த கரியால் வருபவை. ஆறிய பிறகு உலர்ந்த துணியாலோ மிக மெல்லிய எமரித் தாளாலோ நுனியைத் துடைத்து, அது தீயைத் தொடும் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கம்பியை மாற்ற வேண்டும். பழைய கம்பியின் நீளத்தையும் மறையின் அளவையும் ஒத்ததையே வாங்க வேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு எஃப்எஃப்டி இல்லாமல் எரியும்படி வால்வை மாற்றித் தருவதாகச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. மடக்கு அடுப்பில் அதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். காரணத்தை மேலே பார்த்தோம்.

அடுப்பை இறக்கிய பிறகும் எந்தப் பர்னருக்கும் எரிவாயு வரவில்லை என்றால், அடுப்பு முழுதும் படியவில்லை என்று பொருள். முன்காலுக்கு அடியில் கரண்டியோ துணியோ மாட்டியிருக்கலாம்; இல்லையென்றால் கீலில் அழுக்கு. அழுத்தித் தள்ளாமல் தூக்கித் துடைத்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். எல்லாப் பர்னர்களும் மஞ்சளாக எரிந்தால் ஜெட் தவறானது. ஒன்று மட்டும் மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளைகளில் அடைப்பு.

சுழல் இணைப்பின் சீல் தேய்மானப் பொருள். எஃப்எஃப்டிச் சோதனையை மாதம் ஒருமுறையும், கீலின் சோப்பு நீர்ச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நாட்காட்டியில் குறித்துவைத்துச் செய்ய வேண்டும். வாங்கும்போதே ஒரு ஜோடி சீலையும் இரண்டு வெப்ப இணைக் கம்பிகளையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டால், நான்கைந்து ஆண்டு கழித்து இறக்குமதியாளர் மாறிவிட்டபோது அலைய வேண்டியிராது. சீல் கசியத் தொடங்கி உதிரியும் கிடைக்கவில்லை என்றால், அந்த அடுப்பைத் தூக்காமல் நிலையான அடுப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். எரிவாயு அதே கசியும் இணைப்பு வழியாகத்தானே போகிறது. ஆகவே இணைப்பைத் துண்டித்து, சீல் கிடைக்கும்வரை பழைய இரண்டு பர்னர் அடுப்பை எடுத்து மேடையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.